ஒரு காசுக் குற்றம்

“சட்டத்திலே எங்கே எழுதியிருக்கிறது? எடுத்துக் காட்டுங்கள்!” என்று மார்தட்டிக் கேட்போரை எல்லா நாட்டிலும் காணலாம். பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசும் பழக்கம் எங்களிடம் இல்லை. அது அண்டை வீட்டாரின் அழுக்கு. எங்கள் சட்டப் புத்தகத்தை முதல் ஏட்டிலிருந்து முடிவு ஏடு வரை புரட்டுங்கள், அப்படி ஒரு வரி அகப்பட்டால் சொல்லுங்கள் என்பர். புரட்டினால் அகப்படாதுதான். ஏட்டில் அகப்படாதது தெருவிலே அகப்படும். உணவு விடுதியிலே அகப்படும். படக்கொட்டகையின் சீட்டுச் சாளரத்திலே அகப்படும். எழுதிவைத்த கொடுமையையாவது எரிக்கலாம், கிழிக்கலாம், திருத்தம் கொண்டுவரலாம். எழுதாமலே நடக்கும் கொடுமையை எந்தத் தீயிலே போடுவது?

கனடா நாட்டார் நெடுங்காலம் இப்படித்தான் மார்தட்டி வந்தனர். தெற்கே பாருங்கள், அமெரிக்காவிலே கறுப்பருக்குத் தனிக் குழாய், தனிப் பேருந்து இருக்கை, தனிக் கல்லறை. எங்கள் மண்ணோ அடிமைகள் தப்பியோடி வந்து அடைக்கலம் புகுந்த மண் என்று பெருமை பேசினர். தப்பி வந்தது உண்மை. வந்த பின்னர் அவர்களை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதுதான் நம் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை, கனடாவின் கீழ்க்கரையிலே, நோவா ஸ்கோஷா மாகாணத்திலே, நியூ கிளாஸ்கோ என்ற சிறுநகரில் நின்ற ரோஸ்லாண்ட் என்னும் படக்கொட்டகையிலே இருக்கிறது. அந்தக் கொட்டகையின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என விரும்புகிறோம். கொட்டகைக்கு ஒரு வரலாறா என வியக்க வேண்டா. ஒவ்வோர் ஊர்க் கோவிலுக்கும் தலபுராணம் பாடிவைத்த நாட்டிலே பிறந்த நாம், ஒரு படக்கொட்டகைக்கு எழுதினால் குறைந்தா போய்விடும்? தலபுராணத்தில் தேடினாலும் கிடைக்காத பொருளொன்று இதிலே உண்டு: நடந்த செய்தி.

நியூ கிளாஸ்கோ, நிலக்கரியாலும் உருக்காலும் வளர்ந்த ஊர். ஸ்காட்லாந்திலிருந்து கடல் கடந்து வந்தோர் தம் பழைய நகரின் பெயரையே புதிய ஊருக்கும் சூட்டிக்கொண்டனர். ஆனால் அந்த மாகாணத்திலே கறுப்பின மக்கள் நேற்று வந்த விருந்தாளிகள் அல்லர். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த 1783ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் பக்கம் நின்றால் விடுதலை தருவோம், நிலம் தருவோம் என்ற வாக்கை நம்பிய ஏறத்தாழ 3,000 கறுப்பர் நோவா ஸ்கோஷாவில் வந்திறங்கினர். அதே காலத்தில் வெள்ளை எசமானர்களின் உடைமைகளாக, விலங்கு கழலாமலே வந்திறங்கியவரும் பலர். விடுதலை பெற்றவர்க்கு நிலம் கிடைத்ததோ? பலருக்குக் கிடைக்கவே இல்லை. கிடைத்தவருக்குக் கல்லும் களரும் கிடைத்தன. மனம் வெறுத்த 1,200 பேர் 1792இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் கப்பலேறினர். எஞ்சியோர் அங்கேயே உழைத்தனர், உருக்குலைந்தனர், வழிவழியாக வாழ்ந்தனர். 1812ஆம் ஆண்டுப் போரின்போது மேலும் ஓர் அலை வந்து சேர்ந்தது. ஆக, நாம் சொல்லப்போகும் நிகழ்ச்சி நடந்தபோது அவர்கள் அம்மண்ணிலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வேர் விட்டவர்கள். அவர்களை நோக்கி ‘மாடிக்குப் போ’ என்று விரல் நீட்டிய வெள்ளையர் பலரின் பாட்டன்மார் அப்போது கப்பலே ஏறியிருக்க மாட்டார்கள்.

மாடிக்கு! இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. நம் ஊர்க் கொட்டகைகளில் மாடி என்றால் கூடுதல் கட்டணம், மெத்தை நாற்காலி, மேன்மக்கள் வரிசை. ரோஸ்லாண்டிலே அது தலைகீழ். கீழ்த்தளம் 40 சென்ட், மாடி 30 சென்ட். கீழே வெள்ளையர், மேலே கறுப்பர். வெள்ளையர் விரும்பினால் மேலேயும் போகலாம். கறுப்பர் கீழே வர முடியாது. வாயிலில் பலகை இல்லை. சீட்டின்மேல் எழுத்து இல்லை. சீட்டு விற்பவர் முகத்தை ஒருமுறை பார்ப்பார், பிறகு கை தானாக ஒரு சீட்டைக் கிழிக்கும். அவ்வளவுதான் முறை. எவ்வளவு எளிய ஏற்பாடு பாருங்கள்! வருணத்தைக் கண்டுபிடிக்க அங்கே சாத்திரம் ஓதிய புரோகிதர் தேவைப்படவில்லை; சீட்டு விற்கும் ஊழியரே போதும்.

படக்காட்சி என்ற கலை பிறந்தபோது, இனி மண்டபத்துக்குள் நுழைய குலம் கோத்திரம் கேட்க மாட்டார்கள், காசு ஒன்றே தகுதி, விளக்கை அணைத்துவிட்டால் இருட்டிலே எல்லாரும் ஒன்று என்று நம்பியவர் உண்டு. பணத்துக்கு நிறமில்லை என்றும், வணிகன் இலாபத்தையே பார்ப்பான், ஆகவே வணிகம் வளர வளர வேற்றுமை தானே ஒழியும் என்றும் பேசுவோர் இன்றும் இருக்கின்றனர். ரோஸ்லாண்டின் கதை அவர்களுக்காகவே நடந்ததுபோல் இருக்கிறது.

1941ஆம் ஆண்டு. கீழ்த்தளத்தில் அமர்ந்த குற்றத்துக்காகக் கறுப்பினப் பள்ளி மாணவியர் சிலரை அக்கொட்டகையிலிருந்து வெளியேற்றினர் என்ற செய்தி அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த கேரி பெஸ்ட் என்ற மாதரசியின் செவிக்கு எட்டிற்று. உரிமையாளரிடம் முறையிட்டார், பயனில்லை. அந்த ஆண்டு டிசம்பர் மாதம் தம் மகன் கால்பர்ட்டை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குச் சென்று, கீழ்த்தளத்துக்கு இரண்டு சீட்டுக் கேட்டார். மாடிச் சீட்டு நீட்டப்பட்டது. பணத்தைச் சாளரத்திலே வைத்துவிட்டு உள்ளே சென்று அமர்ந்தார். காவலர் வந்தனர், தாயையும் மகனையும் வெளியேற்றினர். அவர் அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை, வழக்குத் தொடுத்தார். நிறத்துக்காகவே விலக்கினர் என்று வெளிப்படையாகவே முறையிட்டார். 1942இல் தீர்ப்பு வந்தது: கொட்டகை ஒருவரது சொத்து, சொத்துக்கு உரியவர் தாம் விரும்பாதவரை விலக்கலாம். வழக்கில் தோற்றதோடு எதிர்த்தரப்பின் செலவையும் கேரி பெஸ்ட்டின் தலையிலே கட்டினர்.

சொத்துரிமை என்ற அந்தச் சொல்லைக் கவனிக்குமாறு நம் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இது ஒரு சிறுநகர் நீதிபதியின் தனிக் கண்டுபிடிப்பன்று. 1936ஆம் ஆண்டு மாண்ட்ரியல் நகரின் மதுக்கடையொன்றில் பிரெட் கிறிஸ்டி என்ற கறுப்பர், நண்பர்களோடு சென்று ஒரு கோப்பை பீர் கேட்டார். கறுப்பருக்கு விற்பதில்லை என்றனர். வழக்கு ஏறி ஏறி, 1939இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வணிகருக்கு வணிகச் சுதந்திரம் உண்டு, எவருக்கு விற்பது எவருக்கு மறுப்பது என்பது அவர் விருப்பம் என்று அம்மன்றம் கூறிற்று. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். சுதந்திரம்! எவ்வளவு இனிய சொல்! கடைக்காரரின் சுதந்திரம் கண்ணுக்குத் தெரிந்த அந்தப் பெருமக்களுக்கு, காசைக் கையில் வைத்துக்கொண்டு தாகத்தோடு நின்றவரின் சுதந்திரம் கண்ணுக்குத் தெரியவில்லை. இலாபத்தையே தெய்வமாகக் கொண்டவன் வணிகன் என்கிறீர்களே, அந்த வணிகன் கைக்கு வந்த காசையே தள்ளினான். தள்ளுவதற்குச் சட்டம் அவனுக்குக் கைகொடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் 1946ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வருகிறது.

வயோலா டெஸ்மண்ட் அப்போது 32 வயது நிரம்பிய மங்கை. ஹாலிபாக்ஸ் நகரத்தவர், அழகுக்கலை நிலையம் நடத்தியவர். அவர் அந்தக் கலையைப் பயில விரும்பியபோது, சொந்த நகரில் எந்தப் பயிற்சிக்கூடமும் கறுப்பினப் பெண்ணைச் சேர்க்க மறுத்தது. மாண்ட்ரியலுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று பயின்று திரும்பினார். திரும்பியதும் தமக்கென ஒரு நிலையம் திறந்ததோடு நிற்கவில்லை. தம்மைப்போல் கதவடைக்கப்பட்ட பெண்களுக்காகப் பயிற்சிப் பள்ளியே நடத்தினார். முகப்பூச்சு வகைகளைத் தாமே தயாரித்து விற்றார். அந்த விற்பனைப் பயணத்தில் சிட்னி நகருக்குச் செல்கையில், வழியிலே நியூ கிளாஸ்கோவில் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. மறுநாள்தான் சரியாகும் என்றனர். மாலைப் பொழுதைக் கழிக்க ரோஸ்லாண்டுக்குச் சென்றார்.

ஒலிவியா டி ஹாவிலண்ட் இரட்டைச் சகோதரிகளாக நடித்த ‘தி டார்க் மிரர்’ என்ற படம் அன்று ஓடிக்கொண்டிருந்தது. இருவரில் எவர் குற்றவாளி என்று எவராலும் பிரித்தறிய முடியாமல் திகைப்பதே அப்படத்தின் கதை. திரையிலே அந்தத் திகைப்பு. திரைக்கு எதிரே, விளக்கணைந்த கூடத்திலே, எவர் எந்தத் தோல் என்பதிலே எவருக்கும் திகைப்பு எழவில்லை!

வயோலா கீழ்த்தளச் சீட்டுத்தான் கேட்டார். கொடுக்கப்பட்டது மாடிச் சீட்டு என்பது அவருக்குத் தெரியாது. கிட்டப்பார்வை உடையவராதலால் முன்னே சென்று அமர்ந்தார். வாயிலில் நின்ற பெண் தொடர்ந்து வந்து, இது மாடிச் சீட்டு என்றார். தவறு நேர்ந்திருக்கும் என எண்ணிய வயோலா, சாளரத்துக்குத் திரும்பிச் சென்று, மிகுதிப் பணத்தைத் தருகிறேன், மாற்றிக் கொடுங்கள் என்றார். உங்களைப் போன்றோருக்குக் கீழ்த்தளச் சீட்டு விற்க எனக்கு அனுமதியில்லை என்பதே கிடைத்த விடை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்தவுடன் அவர் செய்தது என்ன? மாடிப்படி ஏறவில்லை, வெளியேறவும் இல்லை. கீழ்த்தளத்துக்கே திரும்பிச் சென்று அமர்ந்தார்.

மேலாளர் வந்தார், காவலர் வந்தார், இருவருமாகச் சேர்ந்து அவரை இழுத்துச் சென்றனர். இடுப்பிலே காயம், செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, கைப்பை வழியில் கிடந்தது. ஏறத்தாழ 12 மணி நேரம் சிறை. ஆண் கைதிகள் இருந்த அதே சிறைக்கூடத்தில், கையுறையைக்கூடக் கழற்றாமல், இரவெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அந்த மாதரசி.

பொழுது விடிந்தது. எந்தக் குற்றம் சுமத்துவது? கறுப்பர் கீழ்த்தளத்தில் அமரலாகாது என்று சட்டம் இல்லையே! நாம் தொடக்கத்திலே குறித்த மார்தட்டல்காரர்கள் இந்த இடத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டால் என்ன, சட்டத்தை வளைக்கத் தெரிந்தவர் இருக்கும்போது? மாகாணத்தின் கேளிக்கை வரிச் சட்டத்தைத் தேடி எடுத்தனர். 40 சென்ட் சீட்டில் அரசுக்கு வரி 3 சென்ட். 30 சென்ட் சீட்டில் வரி 2 சென்ட். கீழ்த்தளத்தில் அமர்ந்தவர் மாடிச் சீட்டை வைத்திருந்தார். ஆகவே அரசை ஒரு சென்ட் ஏமாற்றிவிட்டார்!

ஒரு காசு! அந்த ஒரு காசையும் அதற்கு மேல் ஒன்பது காசையும் சாளரத்திலே நீட்டியபோது வாங்க மறுத்தவர்களே, அது வரவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். வீட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு, விருந்தாளி வரவில்லையே என்று பழி சொல்வதைப் போன்றதன்றோ இது! வயோலாவுக்கு வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வாரும் இல்லை. விசாரணையிலே கொட்டகைத் தரப்பினர் சாட்சி சொன்னார்கள். நிறம் என்ற பேச்சே எழவில்லை. 20 டாலர் தண்டம், அதற்குமேல் வழக்குச் செலவாக 6 டாலர். ஆக 26 டாலர். ஒரு காசுக்கு 2,600 காசு. அந்த 6 டாலர் எவருக்குப் போய்ச் சேர்ந்தது தெரியுமோ? அவரை இழுத்து வெளியேற்றிய அதே மேலாளருக்கு.

வீடு திரும்பியவரிடம் கணவர், ஆண்டவனிடம் முறையிட்டுப் பிரார்த்தனை செய், இதை இத்தோடு விடு என்றார். அவரை நாம் பழிக்கப் போவதில்லை. வெள்ளையர் ஊரிலே முடிதிருத்தும் கடை நடத்திப் பிழைத்தவர். ஊர்ப்பகை அவருக்கு அச்சமூட்டியிருக்கும். ஆனால் தண்டம் வாங்கியவன் மண்ணிலே இருக்க, மனுவை விண்ணுக்கு அனுப்பும் இந்த யோசனை ஒடுக்கப்பட்ட மக்களின் காதிலே எத்தனை நூற்றாண்டாக ஓதப்பட்டு வருகிறது! வயோலா அதைக் கேட்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவருக்குத் துணையாக முதலில் எழுந்தவர்களில் ஒருவர் பெர்லீன் ஆலிவர். ஹாலிபாக்ஸ் பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர் ஒருவரின் மனைவி. முழங்காலிடச் சொல்லாமல், வழக்கு மன்றம் ஏறச் சொன்னார். 1945இல் தோன்றிய நோவா ஸ்கோஷா கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தைக் கொண்டு நிதி திரட்டச் செய்தார். ஐந்தாண்டுக்கு முன்னே அதே கொட்டகையால் விரட்டப்பட்ட கேரி பெஸ்ட், 1946இல் தாம் தொடங்கிய ‘தி கிளேரியன்’ ஏட்டிலே முதற்பக்கத்தில் செய்தியைப் பொறித்தார். நீதிமன்றத்தில் தோற்றவர் அச்சகத்தின் வாயிலாகத் திருப்பி அடித்தார் என்று கொள்ளலாம்.

மேல் மன்றம் சென்ற வழக்கு என்னவாயிற்று? வயோலாவின் வழக்கறிஞர் நிறவேற்றுமையை முன்வைத்து வாதிடவில்லை. வழக்கு நடந்த முறை தவறு என்று மட்டும் வாதிட்டார். முறையைப் பேசியவருக்கு முறையையே காட்டினர்: மேல்முறையீட்டுக்கு உரிய நாட்களுக்குள் வந்திருக்க வேண்டும், இப்போது காலம் கடந்துவிட்டது என்று. 1947இல் மாகாண உயர்மன்றம் வழக்கைத் தள்ளிற்று. தள்ளிய நீதிபதிகளுள் ஹால் என்ற ஒருவர் மட்டும் ஓர் ஐயத்தை எழுதிவைத்தார்: மேலாளருக்கு அரசின் ஒரு சென்ட் மீதுதான் அத்தனை அக்கறையா, அல்லது பொதுச்சட்டத்தைக் கருவியாக்கி நிறவெறியைத் திரைமறைவில் நிலைநாட்டும் முயற்சியா என்று. எழுதினார். எழுதிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து தள்ளுபடிக்கே இசைந்தார். உண்மை தெரிந்த நீதிபதி உண்மைக்கு எதிராகக் கையொப்பமிடும் அந்தக் காட்சி, உண்மை தெரியாதவர் இடும் கையொப்பத்தைக் காட்டிலும் நமக்கு அருவருப்பூட்டுகிறது.

வயோலாவின் மணவாழ்க்கை முறிந்தது. நோவா ஸ்கோஷாவை விட்டு மாண்ட்ரியல் சென்றார். பின்னர் நியூயார்க் சென்றார். 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், 50 வயதிலே, அங்கேயே மறைந்தார். குற்றவாளி என்ற பெயரோடுதான் மறைந்தார்.

அவரைக் ‘கனடாவின் ரோசா பார்க்ஸ்’ என்று அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அமெரிக்கப் பேருந்திலே ரோசா பார்க்ஸ் எழ மறுத்தது 1955 டிசம்பரில்; வயோலா எழ மறுத்தது அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர். முன்னே வந்தவருக்குப் பின்னே வந்தவரின் பெயரைச் சூட்டுவானேன்? அண்டை நாட்டு வீராங்கனையை நெஞ்சிலே வைத்துப் போற்றிய கனடா மக்களுக்குத் தம் வீட்டு வீராங்கனையின் பெயரே அரை நூற்றாண்டு தெரியாமல் இருந்தது என்பதற்கு இந்தப் பட்டமே சான்று. பொது இடங்களில் இத்தகைய விலக்கைத் தடுக்கும் சட்டத்தை நோவா ஸ்கோஷா 1959இல்தான் இயற்றிற்று. பள்ளிகளிலோ பிரிவினையை எழுதியே வைத்திருந்தனர். அம்மாகாணத்தின் கடைசித் தனிப்பள்ளி மூடப்பட்டது 1983இல். ‘எங்கள் நாட்டிலே இல்லை’ என்ற எக்காளத்தின் இலட்சணம் இது!

வயோலாவின் தங்கை வாண்டா ராப்சன் எழுபது வயதைத் தாண்டியபின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றவர். அவரது விடாமுயற்சியால்தான் இவ்வழக்கு மீண்டும் நாட்டின் பார்வைக்கு வந்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், மாகாண ஆளுநர் மேயான் பிரான்சிஸ் மன்னிப்பு ஆணையில் கையொப்பமிட்டார். அரசு வருத்தம் தெரிவித்தது. அந்த ஆளுநரும் நோவா ஸ்கோஷாவின் கறுப்பினப் பெண்மணி. ஆணையின் சொற்படி அது குற்றமற்றவர் என்பதை ஏற்று அளிக்கப்படும் முழு மன்னிப்பு என விளக்குகின்றனர். விளக்கம் இருக்கட்டும். மன்னிப்பு என்ற சொல் எவரிடமிருந்து எவருக்குப் போக வேண்டிய சொல்? இழுத்தவர் மன்னிக்கிறார், இழுபட்டவர் மன்னிக்கப்படுகிறார் என்றால் அகராதியைத்தான் முதலில் திருத்த வேண்டும். அதுவும் 63 ஆண்டு கழித்து, பெற வேண்டியவர் மறைந்து 45 ஆண்டு ஆனபின்!

2018 நவம்பரில் வயோலாவின் உருவம் பொறித்த 10 டாலர் தாள் புழக்கத்துக்கு வந்தது. கனடாவின் வழக்கமான பணத்தாளில் அரச குடும்பம் சாராத பெண்ணொருவர் தனித்து இடம்பெற்றது அதுவே முதன்முறை. அது வெற்றிதான், அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சீட்டுச் சாளரத்திலே அவர் நீட்டிய பணத்தை வாங்க மறுத்த நாட்டிலே, இன்று அவரே பணமாகி ஒவ்வொரு சாளரத்திலும் நீட்டப்படுகிறார் என்பதை அங்குள்ள எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனரோ! எந்த ஒரு சென்ட்டுக்காக அவரைச் சிறையில் அடைத்தனரோ, அந்த ஒரு சென்ட் நாணயம் செலவுக்குத் தகாதது என்று 2012இல் வார்ப்பதை நிறுத்தி, 2013 பிப்ரவரியில் வழங்குவதையும் கைவிட்டது கனடா அரசு.

ரோஸ்லாண்டில் இப்போது படம் ஓடுவதில்லை. கேரி பெஸ்ட் 2001 வரை வாழ்ந்தார். 1941இல் அவரோடு வெளியேற்றப்பட்ட மகன் கால்பர்ட் பின்னாளில் கனடாவின் தூதராக டிரினிடாட் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் கொட்டகையின் கீழ்த்தளத்துக்குத் தகாதவர் எனப்பட்டவர், அயல்நாட்டிலே முழுக் கனடாவுக்கும் முகமாக நிற்கத் தகுந்தவரானார். 2021 பிப்ரவரியில் நோவா ஸ்கோஷா அரசு, 1946ஆம் ஆண்டுத் தண்டத் தொகை 26 டாலரைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்து, அதன் அடையாளமாக 1,000 டாலருக்கான காசோலையை வாண்டா ராப்சனிடம் அளித்தது. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அவர் அதை ஒரு பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.